நாலு பேர், ஒரு தூண்டில், ஒரு தேதி

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் 1985ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, எங்களைத் திட்டியும் தட்டியும் ஆளாக்கிய ஆசிரியப் பெருமக்களே, சங்க நிர்வாகிகளே, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிட்டைப் பகிர்ந்துகொண்ட என் நண்பர்களே, பின்வரிசையில் "இந்தப் பெரியவர் எப்ப முடிப்பார், எப்ப இலை போடுவாங்க" என்று காத்திருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் செயலாளர் போன் செய்து, "ஓய்வுக்குப் பின் வாழ்க்கை என்ற தலைப்பில் பேசுங்க" என்றார். "ஐயா, நான் ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம்தான் ஆகுது. அதுல பாதி நாள் மீன் பிடிக்கப் போறதுக்குத் திட்டம் போட்டே கழிஞ்சுது. அதைப் பத்திப் பேசலாமா?" என்றேன். "தாராளமா பேசுங்க, எந்த ஏரி?" என்றார். "டௌபோ ஏரி, நியூசிலாந்து" என்றேன். கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, பதினைஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுங்க" என்றார். முயற்சி செய்கிறேன்.

நாங்கள் நாலு பேர். பேர் சொல்ல மாட்டேன். மேடையில் சொன்னால் வீட்டில் வம்பு வரும். ஹாஸ்டலில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளில் கிருஷ்ணகிரி அணைக்குப் போவோம். 1957இல் தென்பெண்ணையின் குறுக்கே கட்டிய அணை. ஒரு மூங்கில் குச்சி, நாலு முழம் நைலான் நரம்பு, ஒரு முள், டப்பாவில் மண்புழு. கிடைத்தால் கெளுத்தி, கிடைக்காவிட்டால் கரையோரக் கடையில் பொரித்த மீன். பெரும்பாலும் பொரித்த மீன்தான்.

படிப்பு முடிந்ததும் நாலு பேரும் ஓசூர் சிப்காட்டுக்கு வந்து சேர்ந்தோம். லேலண்ட் தொழிற்சாலை 1980இலும் டைட்டன் 1987இலும் வந்து, பூந்தோட்டமும் ராகிக் கொல்லையுமாக இருந்த ஊர் ஷிப்டு சங்குக்குத் தக்கபடி எழுந்து தூங்கிய காலம் அது. ஒருவன் டூல்ரூமுக்குப் போனான். ஒருவன் பர்ச்சேஸ். ஒருவன் குவாலிட்டி. நான் மெயின்டனன்ஸ். இந்த நாலு வேலையும் பின்னால் எப்படி உதவியது என்பதுதான் என் பேச்சின் சாரம்.

1994 வாக்கில் எங்கள் கம்பெனிக்கு மெஷின் நிறுவ ஒரு நியூசிலாந்துக்காரர் வந்தார். கேன்டீனில் எங்களோடு உட்கார்ந்து ராகிக் களியை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். கை முழுக்க ஒரு மீன். உடம்பெல்லாம் புள்ளி, பக்கவாட்டில் ரோஸ் நிறக் கோடு. "ரெயின்போ டிரவுட்" என்றார். "என்ன இரை போட்டீங்க?" என்று கேட்டோம். "கோழி இறகு" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. அன்று சாயங்காலம் டூல்ரூம்காரன் சொன்னான்: "மச்சான், ரிட்டயர் ஆனதும் நாலு பேரும் அங்க போறோம்டா." சரி என்றோம். முப்பது வருஷம் சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தோம்.

"ஏன் சார், டிரவுட் நம்ம நாட்டுல இல்லையா?" என்று மாணவர்கள் கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது விருந்தாளி. 1863இல் பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்துத் தோற்றார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து ரெயின்போ டிரவுட்டை நிலைக்க வைத்தார். காஷ்மீரில் அதே காலத்தில் முட்டைகளை வளர்த்தெடுத்தவர் பிராங்க் மிட்செல், கம்பளத் தொழிற்சாலை நடத்தியவர். ஆக, தொழிற்சாலைக்காரனுக்கும் டிரவுட்டுக்கும் பழைய உறவு உண்டு! மூணாறு மலையிலும், நம் மக்கள் கொழுந்து பறிக்கும் நுவரெலியாவிலும் தோட்டத் துரைமார்கள் கொண்டுபோய் விட்டார்கள். நியூசிலாந்திலும் அப்படித்தான். பிரௌன் டிரவுட் 1867இல் டாஸ்மேனியாவிலிருந்தும், ரெயின்போ 1883இல் கலிபோர்னியாவிலிருந்தும் முட்டையாக வந்து இறங்கின.

இந்த மீனுக்கு ஏன் மலை வேண்டும்? பொறியியல் படித்தவர்களுக்கு இரண்டு எண் போதும். 10 டிகிரி குளிர்ந்த நீர், லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரி நீரில் ஏழரைதான் நிற்கும். டிரவுட்டுக்கு 10 முதல் 16 டிகிரி சுகம். 20ஐத் தாண்டினால் திணறும். 25க்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் குளிர்ச்சியாகவும் சுத்தமாகவும் இல்லாத இடத்தில் இந்த மீன் வாழாது. இந்த எண்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டும்.

2022இல் கணக்குப் பார்த்தோம். எல்லோருக்கும் அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். முதல் கூட்டம் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு டீக்கடையில். குவாலிட்டிக்காரன் செக்லிஸ்ட் ஒன்று எழுதினான். அதை அப்படியே உங்களுக்குத் தருகிறேன். யாராவது போனால் உதவும்.

முதலாவது, பருவம். அங்கே நமக்கு நேர் எதிர். நாம் மார்கழியில் போர்த்திக்கொள்ளும்போது அவர்களுக்குக் கோடை. ஆறுகள் பலவற்றில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் கடைசி வரைதான் அனுமதி. டௌபோ ஏரியில் வருஷம் முழுக்கப் பிடிக்கலாம். ஆனால் கோடை முற்றினால் மேல்தண்ணீர் சூடாகி மீன் ஆழத்துக்குப் போய்விடும். அதனால் நவம்பர் நல்ல மாதம்.

இரண்டாவது, உரிமம். நாட்டின் மற்ற பகுதிக்கெல்லாம் ஓர் உரிமம், டௌபோ பகுதிக்குத் தனி உரிமம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இடத்தில் போட்டால் அபராதம். இதற்குப் பின்னால் ஒரு சரித்திரமும் இருக்கிறது. அந்த ஏரி தூஃபாரெத்தோவா என்ற மவோரி மக்களுடையது. வந்தேறி டிரவுட், அவர்கள் உணவாக நம்பியிருந்த சிறு மீன்களைத் தின்று தீர்த்தது. டிரவுட்டைப் பிடிக்கப் போனால் உரிமம் இல்லை என்று அவர்கள் மேலேயே வழக்கு! கடைசியில் 1926இல் ஓர் ஒப்பந்தம் வந்தது. உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த மக்களுக்குப் போக ஏற்பாடானது. நாம் கட்டும் காசில் ஒரு பங்கு ஏரிக்காரர்களுக்குப் போகிறது என்று தெரிந்து கட்டுவது நல்லதுதானே.

மூன்றாவது, சுத்தம். 2004இல் தென் தீவின் ஓர் ஆற்றில் டிடிமோ என்ற வழுக்குப் பாசி கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு சொட்டு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். அதனால் கம்பளி அடி வைத்த ஆற்று பூட்ஸை 2008இல் தடை செய்தார்கள், ஈரம் காயாது என்று. 2023இல் வைக்காட்டோ ஆற்றில் அயல்நாட்டுச் சிப்பி ஒன்று வேறு தலைகாட்டியது. ஆகவே விமான நிலையத்தில், பயன்படுத்திய தூண்டில், பூட்ஸ், இறகு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். பர்ச்சேஸ்காரன் சொன்னான்: "பழசைத் தூக்கிட்டுப் போய்த் திட்டு வாங்கறதுக்குப் பதில், பூட்ஸை அங்கயே வாடகைக்கு எடுத்துக்கலாம்."

நாலாவது, பிரயாணம். நமக்கு விசா கட்டாயம். பெங்களூரிலிருந்து ஆக்லாந்துக்கு நேர் விமானம் கிடையாது. சிங்கப்பூர் வழியாகப் போகலாம். வண்டி நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். விபத்தில் அடிபட்டால் வெளிநாட்டானுக்கும் அரசுத் திட்டம் சிகிச்சை கொடுக்கும். நோய் வந்தால் கொடுக்காது. அதற்கு நாமே காப்பீடு எடுக்க வேண்டும், பழைய வியாதியை ஒளிக்காமல் எழுதி எடுக்க வேண்டும். இன்னொரு விஷயம்: அங்கே டிரவுட்டை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். ஓட்டலில் கேட்டால் கிடைக்காது. நீங்கள் பிடித்துக் கொண்டுபோனால் சமைத்துத் தருவார்கள். "அப்ப மீன் மாட்டலேன்னா?" என்று கேட்டேன். "கிருஷ்ணகிரி டேம் மாதிரி கடை கிடையாதுடா, பட்டினிதான்" என்றார்கள்.

இப்படிச் சிரித்துக்கொண்டே எழுதி முடித்த லிஸ்டில் ஐந்தாவதாக ஒன்றை எழுத மறந்துவிட்டோம். உடம்பு.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு காலை, டூல்ரூம்காரனுக்குப் பக்கவாதம். பிழைத்துவிட்டான். இடது கையும் இடது காலும் பலம் இழந்தன. 0.01 மில்லிமீட்டரைக் கையால் தடவியே சொல்லக்கூடிய கை அது. மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போனபோது, வாய் கொஞ்சம் குழற, "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்கடா. எனக்குப் போட்டோ அனுப்புங்க" என்றான். வெளியே வந்து மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அதற்கப்புறம் ஒரு வருஷம் நாங்கள் சண்டைதான் போட்டோம். ஒருவன் "அவனில்லாம வேண்டாம், கேன்சல்" என்றான். ஒருவன் "அவனே போகச் சொல்றான், போகலேன்னா அவனுக்குத்தான் குற்ற உணர்ச்சி" என்றான். நான் இரண்டுக்கும் தலையாட்டினேன். மெயின்டனன்ஸ்காரன் புத்தி அது; பிரேக்டவுன் ஆனால்தான் ஓடுவான். ஒருநாள் அவன் மனைவி என்னிடம், "அண்ணா, நீங்க வந்து மீன் கதை பேசற அன்னைக்குத்தான் இவர் ரெண்டு வாய் கூடச் சாப்பிடறார்" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மெஷின் பழுதானால் ஜாபை ரத்து செய்வோமா? பிக்சரை மாற்றுவோம், ஜாபை முடிப்போம். முப்பத்தைந்து வருஷம் செய்த வேலை இது. நண்பன் விஷயத்தில் மட்டும் ஏன் தோன்றவில்லை?

மறுபடி டீக்கடை. லிஸ்டைத் திருப்பிப் போட்டோம். ஆற்றில் இறங்கி நின்று வீசுவதைத் தூக்கிவிட்டோம். வழுக்குப் பாறையில் பலமான ஆளே விழுவான். டௌபோவில் வேறொரு முறை இருக்கிறது, ஹார்லிங் என்பார்கள். விடியற்காலையில் படகு மெதுவாகப் போகும். பின்னால் மேல்தண்ணீரில் இறகுப்பூச்சி தானே நீந்தி வரும். கம்பைப் படகின் பிடியில் செருகிவிடலாம். மீன் அடித்தால் வலது கையால் ரீலைச் சுற்றினால் போதும். உட்கார்ந்தே பிடிக்கலாம்! இதற்கும் நவம்பர்தான் தோது. முப்பது வருஷமாக ஆற்றையே கனவு கண்ட எங்களுக்கு, அவன் உடம்புதான் ஏரியைக் காட்டியது.

போய்ச் சொன்னோம். பதில் பேசவில்லை. அடுத்த வாரம் பார்த்தால் மேஜை மேல் ஒரு வைஸ். பட்டறை வைஸ் இல்லை, சுண்டுவிரல் தடிமன். பழைய சக உழியன் ஒருவனை லேத்தில் உட்காரவைத்து, இவன் பக்கத்தில் நாற்காலியில் இருந்தபடி அளவு சொல்லிச் செய்தது. இறகுப்பூச்சி கட்டுவதற்கு முள்ளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அது இடது கை வேலை. "இடது கை போச்சு, அதான் எஃகில் ஒண்ணு செஞ்சிக்கிட்டேன்" என்றான். வலது கையால் நூலைச் சுற்றிச் சுற்றி முதல் பூச்சி கட்ட ஒரு நாள் ஆயிற்று. இப்போது இருபது நிமிஷம். சேவலின் கழுத்து இறகு, அவன் மாமியார் ஊரான தளியிலிருந்து வருகிறது. பிசியோதெரபிஸ்ட் கொடுத்த ரப்பர் பந்தைவிட இது நல்ல பயிற்சி என்று டாக்டரே சொன்னார்.

இதிலும் ஒரு சிக்கல். சில பூச்சிகளுக்கு மயில் இறகின் இழையைச் சுற்றியிருந்தான். பச்சையும் பொன்னுமாக ஜொலிக்கும். உலகம் முழுக்கப் பூச்சி கட்டுகிறவர்கள் விரும்பும் பொருள் அது. ஆனால் மயில் நம் தேசியப் பறவை. இறகை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகச் சட்டம் அனுமதிக்கவில்லை. குவாலிட்டிக்காரன் பெட்டியைத் திறந்து பார்த்து ஒன்பது பூச்சியை ரிஜெக்ட் செய்தான். "அடப்பாவி, ரிட்டயர் ஆகியும் திருந்தலையே நீ" என்று அவன் வாய்விட்டுச் சிரித்தான். பக்கவாதத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கேலிக்காகச் சொல்லவில்லை, பெரிய மீனுக்கு நாம் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம் என்ற காலமும் இருந்தது. அஞ்செட்டி தாண்டிப் பிலிகுண்டுலுவில் ஓடும் காவிரியில் மாசீர் என்ற பெருமீன் உண்டு. வேகவைத்துப் பிசைந்த ராகி உருண்டைதான் அதற்குப் பேர்போன இரை. காவிரியின் துணையாறான கபினியில் 1946இல் மைசூர்க்காரரான வான் இங்கன் பிடித்தது 120 பவுண்டு. இன்று காவிரியின் திமில் மாசீர் மிகவும் அருகிப்போன இனம் என்று 2018இல் உலகப் பட்டியலில் ஏறிவிட்டது. அணைகள், வெடி வைத்துப் பிடிப்பது, இவற்றோடு வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மாசீரும் ஒரு காரணம். நல்லெண்ணத்தில் விட்ட மீன், சொந்த மீனை ஓரங்கட்டியது. டௌபோவின் கதைதான் இங்கேயும். நம் மாவட்டத்தையும் தருமபுரியையும் சேர்த்து 2022இல் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே தூண்டிலோடு போகாதீர்கள். அந்த மீன் பிழைத்தால் போதும்.

இனி கடைசி விஷயம். வீசிப் பழக வேண்டுமே என்று போன மழைக்காலத்தில் நாலு பேரும் கெலவரப்பள்ளி அணைக்குக் காரில் போனோம். அவனை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் கம்பைக் கொடுத்தோம். மதகிலிருந்து வெளியேறிய தண்ணீரில் ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை. காற்றில் துண்டு துண்டாகப் பறந்து வந்து அவன் மடியில் விழுந்தது. நாற்றம் தாங்க முடியவில்லை. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இது எங்கிருந்து வருகிறது என்பது ரகசியம் இல்லை. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் ஓரமாக வருகிறது. 2015இலும் 2018இலும் தீப்பிடித்த பெல்லந்தூர் ஏரியின் தண்ணீர், வர்த்தூர் ஏரி வழியாக இதில்தான் கலக்கிறது. வீட்டுச் சாக்கடை, சலவைத்தூள், தொழிற்சாலைக் கழிவு. சுத்திகரித்த நீரின் ஒரு பகுதியை 2018 முதல் கோலார் ஏரிகளுக்குத் திருப்புகிறார்கள். அப்படியும் நுரை நிற்கவில்லை. கர்நாடகத்தை மட்டும் கை நீட்டிவிட்டுப் போவது சுலபம். நம் பக்கத்து ஊர்ச் சாக்கடையும் இதே ஆற்றில்தான் சேர்கிறது. முப்பத்தெட்டு வருஷம் தொழிற்பேட்டையில் சம்பளம் வாங்கியவன் நான். கழிவு எங்கே போகிறது என்று எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று யோசித்தேன். விரல் விட்டு எண்ணலாம்.

அங்கே பூட்ஸ் அடியில் ஒட்டிய ஈரத்துக்கு ஒரு தேசம் பயப்படுகிறது. நாங்கள் சைக்கிள் மிதித்துப் போய்க் கெளுத்தி பிடித்த அணைக்கு, கெலவரப்பள்ளியைத் தாண்டித்தான் தண்ணீர் போகிறது. அவன் நுரையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "நம்ம தண்ணியில எவ்வளவு ஆக்சிஜன் இருக்கும்டா?" இன்ஜினியர் நாலு பேர், ஒருவனுக்கும் பதில் தெரியவில்லை.

அதனால் ஒரு முடிவு செய்தோம். எங்கள் திட்டத்தில் ஒருநாள் ஹெலிகாப்டரில் மலை ஆற்றுக்குப் போவதாக இருந்தது. அதை ரத்து செய்துவிட்டோம். அந்தப் பணத்தில், கரைந்த ஆக்சிஜனை அளக்கும் கருவி ஒன்று வாங்கி நம் கல்லூரிக்குத் தருகிறோம். மாணவர்களே, மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை கெலவரப்பள்ளியிலும் கிருஷ்ணகிரி அணையிலும் போய் அளந்து, தேதி போட்டு, நோட்டில் எழுதுங்கள். கரையில் நின்றே அளக்கலாம், தண்ணீரில் இறங்க வேண்டாம். நுரையைக் காட்டினால் போட்டோ எடுத்துவிட்டு மறந்துபோவார்கள். பன்னிரண்டு மாதக் கணக்கைக் காட்டினால், எந்த மாநிலத்து அதிகாரியானாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த நோட்டுக்கு ஒரு மாணவர், ஒரு ஆசிரியர் பொறுப்பேற்றால் போதும். விழா முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

என் வயது நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. "ரிட்டயர் ஆனதும்" என்பது தேதி இல்லை. அது நாம் நமக்கே எழுதிக்கொள்ளும் கடன் பத்திரம். தேதி போடுங்கள். டௌபோவுக்குத்தான் என்று இல்லை. கையில் காசு குறைவென்றால் இமாசலத்தில் தீர்த்தன் ஆறு இருக்கிறது. அங்கும் டிரவுட் உண்டு, அரசு அனுமதிச் சீட்டு வாங்கிப் பிடிக்கலாம், நவம்பர் முதல் பிப்ரவரி கடைசி வரை மட்டும் கூடாது. எதுவும் வேண்டாம் என்றால் ஏரிக்கரைக்குப் போய் நண்பனோடு உட்காருங்கள். ஆனால் தேதி போடுங்கள்.

எங்களுடையது வருகிற நவம்பர் இரண்டாவது வாரம். நாலு டிக்கெட். ஒன்றுக்கு மட்டும் சக்கர நாற்காலி என்று குறித்திருக்கிறது. அவன் இங்கே முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். கையில் ஒரு சின்ன டப்பா வைத்திருக்கிறான். ரிஜெக்ட் ஆன அந்த ஒன்பது மயிலிறகுப் பூச்சிகள் அதில் இருக்கின்றன. நம் கல்லூரி ஒர்க்ஷாப்பில் வைக்கச் சொல்லிக் கொண்டுவந்திருக்கிறான். நான் பேசியது போதும், அவனைப் போய்ப் பாருங்கள். வலது கையை நீட்டுவான், குலுக்குங்கள்.

இனி இலை போடலாம்.